தூத்துக்குடியில் படகேறிச் சூரை பிடிக்கப் போகலாமா?

மதுரை அனுப்பானடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாயில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிப்பது எங்கள் வழக்கம். அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து பத்துப் பதினைந்து நாள் படகிலேயே தங்கிச் சூரை (டியூனா) மீன் பிடிப்பதை வீடியோவில் பார்த்ததிலிருந்து நண்பர்கள் நாலு பேருக்கும் அதே நினைப்பு. தூத்துக்குடியில் ஆழ்கடல் போகும் படகில் பேசி ஏறிக்கொள்ளலாமா? என்ன ராடு வாங்குவது? மீனை மதுரைக்குக் கொண்டுவர முடியுமா?"

தூத்துக்குடியில் படகு பேசாதீர்கள். மீன்பிடிப் படகில் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. மீனவர் அடையாள அட்டை இல்லாத நாலு பேர் கடலோரக் காவல் படையின் சோதனையில் அகப்பட்டால், படகுக்காரர் பிழைப்புக்கும் கேடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. கிழக்கே போனால் இலங்கை எல்லைக்கோடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து சூரையும் சுறாவும் பிடித்து வருகிறார்கள். அது அவர்கள் வயிற்றுப்பாடு. அந்தப் படகில் பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு இடமில்லை.

நீங்கள் பார்த்த சான் டியாகோ படகுகள் இதற்கென்றே கட்டியவை. உயிருள்ள மத்தி மீனைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவை ஒட்டித் தெற்கே போவார்கள். பிடித்த மீன் குளிரூட்டிய கடல்நீர்த் தொட்டிக்குள் போய்விடும். மஞ்சள் துடுப்புச் சூரையில் 2012-இல் உலக சாதனை படைத்த மீன் அந்தக் கடலில்தான் விழுந்தது: 427 பவுண்டு, கிட்டத்தட்ட 194 கிலோ.

உங்களுக்கு நான் சொல்வது அந்தமான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜய புரம்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தீவுகளை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல் மளமளவென்று ஆழமாகிவிடும். அதனால்தான் சூரை கரைக்கு அருகிலேயே கிடைக்கிறது. தூண்டில் பயணத்துக்கென்று உரிமம் பெற்ற படகுகளும் அங்கே உண்டு. பதிவு செய்யும் முன் உரிமத்தையும் உயிர்காப்பு உடைகளையும் கேட்டுப் பாருங்கள். வண்டூர் பக்கத்துத் தேசியப் பூங்காவில் மீன் பிடிக்கக் கூடாது, பழங்குடியினர் காப்புப் பகுதிகளில் நுழையவே கூடாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். முதல் முறையே படகில் தங்க வேண்டாம். இரவு கரையில் தூங்கி, நாலு நாள் காலையில் போய் மாலையில் திரும்புங்கள். நம் ஊர்க்காரர் வயிறு அலைக்குப் பழகவே இரண்டு நாள் ஆகும். குமட்டலுக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முந்தின இரவே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

ராடு, ரீலை முதல் தடவை படகுக்காரரிடமே வாடகைக்கு எடுங்கள். காசை ரீலில் போடுவதைவிட, 'டிராக்' என்கிற பிடிமானத்தைப் புரிந்துகொள்வதில் நேரத்தைப் போடுவது மேல். நரம்பு (தூண்டில் இழை) தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழுத்தால் ரீல் வழுக்கி நரம்பை விட வேண்டும். 80 பவுண்டு, அதாவது 36 கிலோ தாங்கும் நரம்பென்றால் சுமார் 12 கிலோ. அது எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டும். மாடியில் நின்றுகொண்டு கீழே ஒரு வாளியில் நரம்பைக் கட்டுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீரில் தொடங்கிப் பத்து லிட்டருக்கு வாருங்கள். ராடை வானத்தைப் பார்க்க நிமிர்த்தாதீர்கள், முறிந்துவிடும். இடுப்புக்கு மேலே சற்றுச் சாய்வாக வைத்து, முழங்காலை மடக்கி, ஒரு சாண் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பத்து நிமிடத்தில் முதுகு சொல்லிவிடும், உங்களுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமென்று.

இன்னொன்று. விரால் கடித்ததும் வெட்டி இழுப்பீர்களே, அந்தப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இரை மாட்டிப் போடும்போது வளைந்த 'சர்க்கிள்' தூண்டில் முள்தான் தருவார்கள். அதைச் சுண்டினால் மீன் வாயிலிருந்து கழன்று வந்துவிடும். நரம்பு தானாக இறுகும்வரை சுற்றிக்கொண்டே இருந்தால் போதும், கடைவாயில் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

மீன் மேலே வந்த பிறகுதான் எனக்கு அதிகக் கவலை. சூரையின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடானது. போராடப் போராட இன்னும் சூடேறும். அதை வெயிலில் தளத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்கிற நச்சு சேரும். அது எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. என் நண்பர் ஒருவர் அப்படிக் கிடந்த மீனைப் பொரித்துச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகமெல்லாம் சிவந்து தலைவலியில் படுத்துவிட்டார். வெயில் என்றே நினைத்தோம். டாக்டர் பார்த்த பிறகுதான் மீன் என்று தெரிந்தது. ஆகவே படம் ஒன்றோடு நிறுத்துங்கள். மூளையில் குத்தி உயிரை அடக்கி, பக்கத் துடுப்புக்கு நாலு விரல் பின்னால் இருபுறமும் கீறி இரத்தம் வடியவிட்டு, குடலும் செவுளும் எடுத்துவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுசாக முக்கிவிட வேண்டும். வெறும் ஐஸ்கட்டி மேல் வைத்தால் நடுச்சதை குளிர நேரமாகும். இந்தப் பெட்டி இல்லாத படகில் மீனை வைத்துக்கொள்ளாதீர்கள், கடலிலேயே விட்டுவிடுங்கள்.

மதுரைக்குக் கொண்டுவரலாம், ஆனால் கொஞ்சமாக. விமானத்தில் ஒருவருக்கு இரண்டரை கிலோ உலர் பனிக்கட்டிதான் உச்ச அளவு, அதற்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். சென்னையில் இறங்கி ரயிலில் இன்னும் ஏழெட்டு மணி நேரம் இருக்கிறது. பிடித்த மீன் யாருக்குச் சேரும் என்பதையும் படகுக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முதுகுச் சதையில் இரண்டு கிலோவை உறையவைத்து, கசியாத பெட்டியில் கட்டி எடுத்து வாருங்கள். மீதியைப் போர்ட் பிளேரிலேயே ஒரு தமிழ் ஓட்டலில் கொடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துத் தரச் சொல்லுங்கள்.