பயிற்சியாளர் போனதும் உடற்பயிற்சியும் நின்றுவிட்டதா?

வணக்கம் சகோதரி. பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனதிலிருந்து ஜிம் பக்கமே போகவில்லை, மறுபடி ஒருவரை அமர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது முதுகு வளைகிறதா என்று பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். அதற்கு நாலைந்து வகுப்புகள் போதும். வீட்டைவிட்டுக் கிளப்புவதற்கு மட்டும் சம்பளம் கொடுக்காதீர்கள்.

உலக சுகாதார அமைப்பின் 2020 பரிந்துரை, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி. வேகநடையும் கணக்கில் சேரும். காலையில் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, ஷூ போட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். வேன் கிளம்பியதும் அப்படியே நடையைக் கட்டுங்கள். வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்படி உங்களைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எழுதியிருந்த முழங்கால் வலி இன்னும் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தயவுசெய்து.