பாதாளச் சாக்கடையில் எதை விடலாம்? கேள்வி பதில்

சென்னையில் கழிவுநீர்க் குழாய்ப் பராமரிப்பில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் சென்னைக்கு, மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் நகராட்சியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்ன அடைப்பாக இருந்தாலும் மேன்ஹோலுக்குள் ஆளை இறக்காதீர்கள்.

மயிலாப்பூர், மெஸ் நடத்துபவர்: தினம் 150 சாப்பாடு. மாதம் தவறாமல் அடைப்பு வருகிறது. கொதிக்கும் தண்ணீரும் சோப்பும் ஊற்றினால் கொழுப்பு கரைந்துவிடும் என்கிறார்களே?

கரைவதில்லை, இடம் மாறுகிறது. உங்கள் சேம்பரைத் தாண்டித் தெருக் குழாய்க்குப் போய், அங்கே ஆறி, சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஓட்டல்கள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில் ஜெட்ராடிங் வண்டியை (அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் லாரி) வைத்து அடைப்பு எடுத்தோம். வெளியே வந்த கட்டி வெள்ளையாக, துணி சோப்பு மாதிரி கெட்டியாக இருந்தது. உடைத்தால் உள்ளே கறிவேப்பிலை, பல்குத்தும் குச்சி, டீத்தூள் எல்லாம் அடுக்கடுக்காகப் பதிந்திருந்தன. 2017இல் லண்டன் ஒயிட்சேப்பலில் இப்படிச் சேர்ந்த கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை.

மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகளின்படி பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் எண்ணெய், கொழுப்புக்கு மேல் இருக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் அப்படியே போனால் அந்த அளவுக்குள் நிற்காது. கிரீஸ் ட்ராப் தொட்டி கட்டுங்கள். தண்ணீர் அதில் கொஞ்ச நேரம் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், தெளிந்தது அடியில் இருக்கும் வழியாக வெளியே போகும். மிதப்பதை வாரம் ஒருமுறையாவது வழித்து எடுக்க வேண்டும். எடுக்காத தொட்டி இருந்தும் பயனில்லை. தட்டில் மிச்சமிருப்பதைக் கழுவும் முன்பே குப்பையில் தட்டிவிடச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பொரித்த எண்ணெயைச் சொட்டுகூட ஊற்றாதீர்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் கெட்டு அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பயோடீசலுக்காக அதை விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

மாதவரம், இல்லத்தரசி: குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்துணி பாக்கெட்டில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று போட்டிருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள் அம்மா. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மக் தண்ணீரில் டிஷ்யூ பேப்பரையும் இன்னொன்றில் அந்த ஈரத்துணியையும் ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் குச்சியால் கலக்கினால் பேப்பர் கூழாகிவிடும், துணி துணியாகவே வரும். நாப்கின், டயப்பர், முடி, பஞ்சு எல்லாம் இதே கதைதான். பேப்பரில் சுற்றித் தனியாகக் குப்பையில் கொடுங்கள்.

அம்பத்தூர், முலாம் பூசும் சிறு பட்டறை: தொட்டித் தண்ணீர் கொஞ்சம்தான். நிறைய நல்ல தண்ணீர் கலந்து விட்டால் அளவுக்குள் வந்துவிடாதா?

எண்ணில் வேண்டுமானால் குறையும், ஆனால் அது தீர்வில்லை. தண்ணீர் கூடினாலும் உள்ளே போகும் குரோமியம் அதே கிராம்தான். அறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் அதிக நச்சுள்ள வடிவம்) லிட்டருக்கு 2 மில்லிகிராம், சயனைடு 2, செம்பு 3, நிக்கல் 3, ஈயம் 1, பி.எச். 5.5 முதல் 9 வரை. இவைதான் பொதுச் சாக்கடைக்கான எல்லைகள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியில் கழிவுநீரைச் சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள். காற்று ஊதி அவற்றை வளர்க்கிறோம். உலோகமும் சயனைடும் போனால் அவை செத்துப்போகும், அப்புறம் ஊர்க் கழிவு முழுவதும் அரைகுறையாக வெளியேறும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. (நாளுக்கு 4.5 கோடி லிட்டர்) கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் சுத்திகரித்து மணலிக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் விட்டது உங்களைப் போன்ற தொழில்காரர்களுக்கே திரும்பி வருகிறது.

இன்னொன்று, இதற்காகவே விரிவாக எழுதுகிறேன். சயனைடுத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே சேம்பரில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அது உயிரைக் குடிக்கும். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய், தனித்தனிச் சுத்திகரிப்பு. சாக்கடையில் விடுவதற்கும் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். 'சின்னப் பட்டறை' என்பது விலக்கு இல்லை.

திருவொற்றியூர்: கழிவறையில் ஆசிட் ஊற்றலாமா?

கழுவும் அளவு போதும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

குரோம்பேட்டை, வீடு கட்டுபவர்: கட்டிட வேலைத் தண்ணீர்?

கொத்தனார் சட்டியைக் கழுவிவிடும் சிமெண்ட் பால் குழாய்க்குள் கல்லாகிவிடும். விடக் கூடாது.

வேளச்சேரி, அடுக்ககச் செயலாளர்: மாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் சேம்பரில்தான் இணைத்திருக்கிறோம். தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியையும் தூக்கிவிடுவோம், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். இதில் என்ன தப்பு?

இரண்டுமே தப்பு. சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. முன்னது மாநகராட்சியுடையது, பின்னது குடிநீர் வாரியத்துடையது.

கணக்குப் போடுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வந்தால் நாளுக்கு 540 லிட்டர். ஒரு மழையில் 17 நாள் கழிவுக்குச் சமமான தண்ணீரை ஒரே குழாயில் தள்ளுகிறீர்கள். 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்புங்கள்.

அவரே மறுபடி: சார், கணக்கெல்லாம் சரி. மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் வயதானவர்கள் மாடியில் மாட்டிக்கொண்டார்கள். வடிகால் எங்கள் தெருவில் இல்லவே இல்லை. மூடியைத் தூக்காமல் வேறு என்ன செய்வது?

வடிகால் இல்லாதது நிஜமான குறை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று பார்த்தீர்களா? பள்ளத்தில் இருக்கும் அடுத்த தெருவுக்கு.

வேளச்சேரி, இன்னொருவர்: நாங்கள்தான் அந்த அடுத்த தெரு. தரைத்தளக் கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை பொங்கி, அரிசி மூட்டை வரைக்கும் வந்தது. அவர்கள் தெரு காய்ந்துவிட்டது, எங்களுக்கு ஒரு வாரம் நாற்றம்.

செயலாளர்: உங்கள் வீட்டுக்கு வரும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மழைநீர் கலப்பதால் கழிவுநீர் நீர்த்துத்தானே போகும், நல்லதுதானே?

நல்லதில்லை. உந்து நிலையத்தின் பம்ப் இவ்வளவுதான் இழுக்கும் என்று ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டியதும் குழாய் நிறைந்து, எங்கே தாழ்வான வாய் இருக்கிறதோ அங்கே வெளியே வரும். மழைநீரோடு தெரு மணலும் இறங்கும். குழாயில் ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறைந்தால் மணல் படியும். மழை நின்றதும் மணல் அங்கேயே இருக்கும், தை மாசியில் அடைப்பாகக் காட்டும். அப்போது 'குழாய் சரியில்லை' என்று புகார் வரும்.

மூடி விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி யார் கண்ணுக்கும் தெரியாது. நடந்து வருபவர் கால் வைத்தால் அப்படியே உள்ளே போய்விடுவார். அந்தப் பயத்தில் மழை நேரம் முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

தெரு மழைநீருக்கு மாநகராட்சி 1913, கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம் 1916. வடிகால் கேட்டுத் தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். இரண்டு தெருவும் சேர்ந்தே கொடுங்கள்.

பெரம்பூர்: ஈரத்துணி, நாப்கின்...

மாதவரத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

போரூர், சிறு கிளினிக்: ஊசி கழுவிய தண்ணீர், ரத்தம் கலந்த தண்ணீர்?

2016 மருத்துவக் கழிவு விதிகளில் இருக்கிறது. கிருமி நீக்கிய பின்பே சாக்கடைக்கு விட வேண்டும். ஊசி, பஞ்சு எதுவும் குழாய்க்குள் போகக் கூடாது.

திருப்பூர், சாயப்பட்டறை: எங்களுக்கும் இதே அளவுகளா?

உங்களுக்குச் சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு. 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அங்கே நடப்பதை உங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கேளுங்கள்.

கொளத்தூர்: நாப்கின் போடலாமா?

வேண்டாம். மேலே இரண்டு முறை வந்துவிட்டது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

மடிப்பாக்கம்: பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்துவிட்டது. பழைய செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆள் தேடுகிறேன். தெரிந்தவர் ஒருவர் உள்ளே இறங்கி அள்ளிவிடுகிறேன் என்கிறார்.

வேண்டவே வேண்டாம். கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், வேலை கொடுத்தவருக்குத்தான் தண்டனை. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. பணம் கிடக்கட்டும். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அழுகிய முட்டை வாடை. அது கூடக் கூட மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும். வாடை நின்றது என்று இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். ஒரே குழியில் இரண்டு பேர் போவது இப்படித்தான்.

14420க்குப் போன் செய்து உரிமம் உள்ள உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். காலியானதும் டேங்கை மூடி, வீட்டுக் குழாயை நேராகத் தெரு இணைப்பில் கொடுங்கள். லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். ராத்திரியில் தெரு மேன்ஹோலில் கொட்டுவது குற்றம்.

வேளச்சேரி, இரண்டாம் தெருக்காரர்: அடுத்த மழைக்கு எங்கள் கழிவறையில் பொங்காமல் இருக்க ஏதாவது?

வீட்டு கடைசி சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விடும், திரும்பி வர விடாது) போடுங்கள். புரட்டாசிக்குள் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு குச்சி மாட்டினாலும் மூடாது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் வீட்டிலும் தண்ணீர் விடாதீர்கள், வெளியே போக வழியிருக்காது.

செயலாளர்: சார், மழைநீர்க் குழாயை மாற்றப் பிளம்பரிடம் பேசிவிட்டேன். ஒரு கேள்வி. போன மழையில் நாங்கள் தூக்கிய மூடி ஒன்று உடைந்துவிட்டது. பலகை போட்டு வைத்திருக்கிறோம்.

பலகை மிதந்துவிடும். இந்தப் பதிலைப் படித்ததும் 1916க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். புது மூடி வரும்வரை நான்கு பக்கமும் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள், ராத்திரிக்கு அங்கே ஒரு விளக்கு எரியட்டும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாட்ச்மேனை அங்கே நிற்கச் சொல்லுங்கள்.