பக்கம் முழுவதும் திரையில் வந்துவிட்டதை எந்த ஈவென்ட் ஹேண்ட்லர் வைத்துத் தெரிந்துகொள்வது?

லோட் ஈவென்ட் (பக்கம் வந்துவிட்டது என்று பிரவுசர் தரும் சேதி; அது வந்ததும் ஓடுகிற ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர்) வந்த பிறகும் பக்கம் அரைகுறையாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் பக்கம் வந்த கையோடு பிரின்ட் எடுக்கிறவர் என்றே நினைக்கிறேன்.

அதற்கென்று ஒரே ஈவென்ட் கிடையாது. டாம் கன்டென்ட் லோடட் வந்தால் எச்டிஎம்எல்லைப் படித்தாயிற்று, அவ்வளவுதான். லோட் வந்தால் படங்களும் ஸ்டைல்ஷீட்டும் வந்தாயிற்று. ஆனால் ஃபெட்ச் செய்து (ஸ்கிரிப்ட் சர்வரிடம் கேட்டு வாங்கி) பிறகு நிரப்புவது அதன் கணக்கில் வராது.

நான் இருப்பது கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை. கோபாலபுரம் ரோட்டில் ஒரு எடைமேடையின் ரசீதுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பொள்ளாச்சிக்குப் போகும் தேங்காய் லோடு மேடையில் ஏறினால் ரசீது தானாக அச்சாக வேண்டும். முதலில் செய்து கொடுத்த கம்பெனி லோட் ஈவென்டிலிருந்து அரை செகண்ட் விட்டு பிரின்டைக் கூப்பிட்டிருந்தது. கட்டம், கோடு, மலையாளத் தலைப்பு எல்லாம் பளிச்சென்று வரும். வண்டி எண், சரக்கு, மொத்த எடை என்ற தமிழ் வரிகள் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெள்ளை. டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், வெறும் பேப்பர் குடுக்கறீங்க?" என்பார்.

தலைப்பு எச்டிஎம்எல்லிலேயே இருந்ததால் மலையாள ஃபான்ட் முதலிலேயே இறங்கிவிடும். தமிழ் வரிகள் டேட்டா வந்தபின் நிரம்புவதால், தமிழ் ஃபான்ட் அப்போதுதான் இறங்கத் தொடங்கும். அது வரும்வரை, பெரும்பாலும் மூன்று செகண்ட் வரைக்கும், பிரவுசர் எழுத்தை மறைத்தே வைக்கும்.

கம்பெனியிடம் சொன்னால், "செட் டைம்அவுட்டை ரெண்டு செகண்ட் ஆக்குங்க" என்றார்கள். நெட் மந்தமான நாளில் ரெண்டு செகண்ட் எந்த மூலைக்கு? அப்புறம் கேட்டார்களே ஒரு கேள்வி: "கேரளாதானே, தமிழ் எதுக்கு?" சித்தூர் தாலுகாவில் வீட்டிலும் சந்தையிலும் தமிழ் பேசுகிற எங்களுக்கு ஒவ்வொரு படிவத்திலும் இதே பதில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் "நீங்க மலையாளியா?" என்கிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, வழி இதுதான். டேட்டாவை நிரப்பியதும் டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் லோடுக்கு (ஃபான்டை இறக்கச் சொல்லும் ஃபங்ஷன்) ஃபான்டின் அளவு, பெயரோடு அந்தத் தமிழ் வரியையும் கொடுத்துக் காத்திருங்கள். படங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் டிகோட் (படம் வரையத் தயாராகும்வரை காத்திருப்பது). பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம். முதலாவது திரையில் வரைவதற்குச் சற்று முன்னால் ஓடும். இரண்டாவது ஓடும்போது அந்த ஃப்ரேம் போயிருக்கும். அந்த இரண்டாவதற்கு உள்ளே பிரின்டை வையுங்கள். இரண்டு ஃப்ரேம் என்பது எந்த ஸ்டாண்டர்டும் தரும் உத்தரவாதம் இல்லை என்று யாராவது சண்டைக்கு வரலாம். உண்மைதான், நானும் அப்படிச் சொல்லவில்லை. ரசீதுக்கு இது போதும்.

இன்னொன்று: உங்கள் ஸ்கிரிப்ட் தாமதமாக வந்தால் லோட் ஏற்கெனவே போயிருக்கும், ஹேண்ட்லர் ஓடவே ஓடாது. முதலில் ரெடிஸ்டேட் (பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது) 'கம்ப்ளீட்' ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடுங்கள்.