போட்டி என்றால் ஊர்ப்பணம் எதற்கு?

கேள்வி: அமெரிக்கப் புறநகர் ஒன்றில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு பழைய கடைத்தொகுதியை இடித்துவிட்டு, பெரிய அங்காடி ஒன்றைக் கொண்டுவர நகரசபை பல லட்சம் டாலர் மானியம் தரப்போகிறது. அங்கே வாடகைக்கு இருக்கும் சிறுகடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். விலை குறையும், வேலை வரும், நகருக்கு வரி கூடும். போட்டியில் நிற்க முடியாத சிலருக்காக ஊர் வளராமல் கிடக்க வேண்டுமா?

பதில்: போட்டி என்கிறீர்கள். ஓடுகிறவர்களில் ஒருவருக்கு மட்டும் ஊர்ப்பணத்தைக் கொடுத்த பிறகு அது போட்டி இல்லை. அந்தச் சிறுகடைக்காரர்களும் இத்தனை வருடம் வரி கட்டியவர்கள்தான். தங்களை வெளியேற்றப்போகும் கட்டடத்துக்கு அவர்களுடைய பணமும் போகிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான். அங்காடி தன் சொந்தப் பணத்தில் வந்து கடை திறந்தால் இந்தப் பதிலின் பாதியை எழுதியிருக்கவே மாட்டேன். விலை குறைவது எளிய குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கும் தெரியும்.

நீங்கள் சொல்லும் வேலையையும் வரியையும் பார்ப்போம். தொழிற்சாலை வெளியூருக்கு விற்று ஊருக்குள் பணம் கொண்டுவரும். சில்லறைக் கடை அப்படியல்ல, ஊரார் பையில் ஏற்கெனவே இருக்கும் பணத்தைத்தான் வாங்குகிறது. புதிய கடையில் கூடுகிற விற்பனையில் பெரும்பகுதி பக்கத்துத் தெருவிலோ பக்கத்து ஊரிலோ குறைந்த விற்பனை. செயின்ட் லூயிஸ் வட்டாரம் இதை முழுசாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே அடுத்தடுத்து இருக்கும் சின்னஞ்சிறு நகராட்சிகள் ஒன்றின் கடையை இன்னொன்று இழுக்க மானியத்தை அள்ளி வீசின. உள்ளாட்சிகளின் பொதுக் கூட்டமைப்பே 2011இல் கணக்கெடுத்தது. இருபது ஆண்டுகளில் 580 கோடி டாலருக்கு மேல் வரிப்பணம் தனியார் கட்டுமானங்களுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. சில்லறை வணிகத்தில் வேலைகள் கூடியதோ சொற்பம்.

பணம் காசோலையாகப் போவதில்லை என்பதால் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. திட்டம் தொடங்கும் நாளில் அந்த நிலத்துக்கு வரும் சொத்து வரியை ஒரு கோட்டில் நிறுத்திவிடுவார்கள். கட்டடம் எழுந்தபின் அதற்கு மேல் வருகிற வரி பல ஆண்டுகளுக்குத் திட்டச் செலவுக்கே திரும்பும். செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசௌரி மாநிலத்தில் 23 ஆண்டுகள் வரை. அந்தக் காலமெல்லாம் பள்ளிக்கும் நூலகத்துக்கும் பழைய பங்குதான். இத்தனைக்கும் பிறகு, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பெருங்கடைகள், ‘எங்கள் கட்டடத்தைக் காலிக் கட்டடமாக எண்ணி மதிப்பிடுங்கள்’ என்று வழக்காடிச் சொத்து வரியைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன.

‘கொடுக்காவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்களே’ என்று நகரசபையில் சொல்வார்கள். கலிஃபோர்னியாவின் லாங்காஸ்டர் நகரம் அந்த பயத்தில் எதுவரை போனது தெரியுமா? அங்கே காஸ்ட்கோ என்ற பெரிய அங்காடிக்குப் பக்கத்துக் கடையில் ‘99 சென்ட்ஸ் ஒன்லி’ என்ற மலிவுவிலைக் கடை குத்தகைக்கு இருந்தது. காஸ்ட்கோ கடையை விரிவாக்க இடம் கேட்டது, இல்லையென்றால் பக்கத்து ஊரான பாம்டேலுக்குப் போவேன் என்றது. நன்றாக நடந்துகொண்டிருந்த பக்கத்துக் கடையின் குத்தகையை நகரம் கட்டாயமாகக் கையகப்படுத்தக் கிளம்பியது. 2001இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது: ஒரு தனியாரிடம் பிடுங்கி இன்னொரு தனியாருக்குக் கொடுப்பது பொதுப் பயன் ஆகாது. ஆனால் வழக்குப் போட்ட கடையும் ஒரு பெரிய சங்கிலி நிறுவனம், வக்கீல் வைக்க வசதி இருந்தது. உங்கள் கடைத்தொகுதியில் துணி தைக்கிறவரும் முடிவெட்டுகிறவரும் எந்த வக்கீலைத் தேடுவார்கள்? நான்கு ஆண்டு கழித்து, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரம் வீடுகளைக் கையகப்படுத்திய வழக்கில், பொருளாதார வளர்ச்சிக்காகவும் நிலம் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. வீடுகளை அகற்றிய அந்த நிலம் பிறகு பல ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்தது.

சட்டத்தின் பார்வையில் இடம் நில உரிமையாளருடையது, விலை அவருக்கு. வாடகைக்காரர் இருபது வருடத்தில் சேர்த்தது வாடிக்கையாளரைத்தான். அதற்குப் பெரும்பாலும் விலையே இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் நிலம் எடுக்கும்போது வணிக நற்பெயருக்கும் ஈடு தருகின்றன. மத்திய அரசின் பணம் சேரும் திட்டமானால் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி இடம்மாறும் செலவு கிடைக்கும். ஆனால் புது இடத்தில் கடையை மறுபடி நிலைநிறுத்துவதற்கான தொகைக்கு நெடுங்காலம் 10,000 டாலர்தான் உச்சவரம்பு. 2014இல்தான் அது 25,000 ஆயிற்று, 2024இல் 33,200. உரிமையாளர் குத்தகையைப் புதுப்பிக்காமல் விட்டாலோ பெரும்பாலும் அதுவும் இல்லை.

அதனால் ‘ஊர் வளராமல் கிடக்க வேண்டுமா’ என்ற கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். நகரசபைக் கூட்டத்துக்குப் போய் வேறு கேள்விகளைக் கேளுங்கள். மானியத்தில் எத்தனை டாலர் வெளியேறும் கடைகளுக்கு? கட்டுமானம் நடக்கும் மாதங்களில் அவர்கள் எங்கே வியாபாரம் செய்வார்கள்? புதுக் கட்டடத்தில், தாங்கக்கூடிய வாடகையில், அவர்களுக்கு இடம் உண்டா? அங்காடி பத்து வருடத்தில் கிளம்பினால் பணம் திரும்புமா? காலி செய்த கட்டடத்தில் போட்டிக் கடை வரக்கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைக்கும் வழக்கம் இந்த நிறுவனங்களுக்கு உண்டு. அதைத் தடுக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள், வாக்கெடுப்புக்கு முன்னால். கையெழுத்தான பிறகு உங்களுக்கும் அந்தக் கடைக்காரர்களுக்கும் கேட்கிற இடமே இருக்காது.