பத்து வெள்ளி வாங்கலாமா?

வணக்கம் ஐயா,

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்கள் மாதாமாதம் நடத்தும் கதை வாசிப்புக்குப் போன மாதம் முதல்முறையாக வந்தேன். கதைகள் பிடித்திருந்தன. ஆனால் பாதி நாற்காலிகள் காலி. ஒரு தம்பி கைப்பேசியிலிருந்து தலைநிமிராமலே வாசித்து முடித்தார். ஆளுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் வைத்தால் என்ன? இலவசம் என்றாலே நம் மக்களுக்கு இளக்காரம்தானே. தமிழ்நாட்டிலிருந்து பெரிய எழுத்தாளர் ஒருவரை அழைத்தால் இடம் நிரம்பாதா? இன்னொன்று, என் மகன் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறான். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. அவனை அழைத்து வரலாமா?

ஒரு வாசகி, கிள்ளான்

அன்புள்ள வாசகிக்கு,

சனிக்கிழமை மதியம் கிள்ளானிலிருந்து வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடமும் பிடித்து, கடைசிவரை இருந்திருக்கிறீர்கள். நன்றி. அடுத்த முறை கொமுட்டர் ரயிலில் வாருங்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

பத்து வெள்ளி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் நூல் வெளியீடுகளுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்வது, அப்புறம் வரிசையாக மேடையேறிப் பண உறையைக் கொடுத்து நூலை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வது. இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். இங்கே பெரும்பாலும் எழுத்தாளரே கைக்காசு போட்டு அச்சடிக்கிறார். அந்த உறைகள்தான் அச்சகத்துப் பாக்கியைத் தீர்க்கின்றன. என் முதல் நூலும் அப்படி வந்ததுதான். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் கதையிலிருந்து ஒரு பக்கம்கூட யாரும் வாசிப்பதில்லை. உறை கொடுத்தவர் கடமை முடிந்தது என்று நூலை அலமாரியில் வைத்துவிடுவார். அவர் நூல் வெளிவரும்போது இவர் உறையோடு போயாக வேண்டும். கல்யாண மொய் மாதிரிதான். இதற்கிடையில் கதை சுமார் என்று யார் வாய்திறப்பது?

வாசிப்புக்கு வருகிறவர் யாருக்கும் கடன்படக் கூடாது. நாங்கள் காசு வாங்காததற்கு அதுதான் காரணம். டியூஷன் சென்டர்காரர் வகுப்பு முடிந்ததும் மாடியைச் சும்மா தருகிறார். தேநீர், கறிபாப் செலவை நண்பர்கள் நாலு பேர் பகிர்ந்துகொள்கிறோம். நூல்கள் பின்னால் மேசையில் இருக்கும், வாங்கினாலும் சரி, புரட்டிவிட்டு வைத்தாலும் சரி. பிடிக்கவில்லையா, பாதியில் எழுந்து போகலாம். பத்து வெள்ளி கொடுத்தவர் அந்தக் காசுக்காகவாவது உட்கார்ந்திருப்பார். ஆள் எழுந்து போவதை எழுத்தாளர் கண்ணால் பார்ப்பது நல்லது என்பேன்.

நீங்கள் வருவதற்குச் சில மாதம் முன்பு ஓர் இளைஞர் ரப்பர் தோட்டக் கதை வாசித்தார். விடியற்காலை, கொட்டுகிற மழை, நாயகி நனைந்துகொண்டே பாலுக்காக மரம் வெட்டுகிறாள். உருக்கமாகத்தான் எழுதியிருந்தார். இரண்டாவது வரிசையில் இருந்த அம்மா ஒருவர் பொறுக்க மாட்டாமல், “மழையில எங்கய்யா மரம் வெட்டினோம்? பட்டை ஈரமா இருந்தா பால் கோட்டுல நிக்காது, வழிஞ்சிடும். அன்னிக்கு வேலையே கிடையாது. வேலை இல்லன்னா சம்பளம் ஏது?” என்றார். இளைஞர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அந்த அம்மா போகிற போக்கில் கொடுத்ததுதான் கதை. மழை எப்போது விடும் என்று லயத்து வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிற பெண்ணுக்கு இருக்கிற கவலை, நனைகிற பெண்ணுக்கு இல்லை. இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். டத்தோ மேடையில் இருக்கும்போது அந்த அம்மா இப்படிப் பேசியிருப்பாரா?

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பிறகு அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் கூட்டி இங்குள்ளவர்களின் கதைகளை எடுத்துப் பேசினார். அவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான். அப்படி உட்கார்ந்து நம் கதையைக் கேட்கிறவர் வந்தால் வாசலில் நின்று வரவேற்பேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு விமானம் ஏறுகிறவருக்குக் கூட்டம் சேர்க்க வேறு அமைப்புகள் இருக்கின்றன. தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது. புதிதாக எழுதுகிற பிள்ளைக்கு முதல் வாசகர் எங்கிருந்து கிடைப்பார்? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 2005இலேயே கோலாலம்பூரின் பங்சாரில் மாதந்தோறும் கூடி வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாம்தான் தாமதம்.

கைப்பேசித் தம்பியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. இனி தாளில், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான். காலி நாற்காலிகள் எனக்கு உறுத்தவில்லை, இருபது பேர் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

மகனைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். தமிழ்ப் பள்ளிக்குப் போகாமல் வளர்ந்து, இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் பத்தியைத் தாண்ட மாட்டார்கள். வாசித்துக் காட்டினால், கதைக்குள் வருகிற மலாய்ச் சொல்லுக்கும் கிண்டலுக்கும் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பவர்கள் அவர்கள்தான். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கதையில் கெட்ட வார்த்தை வந்தால் நாங்கள் வெட்டச் சொல்வதில்லை. அவனுக்குச் சரிவருமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே தொடங்கிவிடுவோம். இதைத்தான் நம் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.