வாசகர் கேள்விகள்: ஜாஸை எங்கே ஆரம்பிக்கலாம்?

கேள்வி (திருமங்கலம் வாசகர்): கச்சேரியும் சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்தவன். ஜாஸ் கேட்க ஆசை. ஆளுக்கு நூறு ஆல்பம் சொல்கிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959-ல் நியூயார்க்கில் மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள் என்று இரண்டே நாளில் பதிவானது. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். என் காரணம் மட்டும் வேறு.

முதல் பாட்டான 'சோ வாட்'டில் பால் சேம்பர்ஸின் பாஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) ஒரு வரி வாசிக்கும், மற்றவர்கள் இரண்டே ஸ்வரக் கொத்தில் பதில் சொல்வார்கள். அப்புறம் டேவிஸ் ட்ரம்பெட்டில் தனியாக எடுக்கும்போது காதைக் கொடுங்கள். அடிப்படையாக அவர் வைத்துக்கொள்வது நம் கரகரப்ரியா ராகத்தின் ஸ்வரங்கள். 'சக்கனி ராஜ' கேட்டுப் பழகியவருக்கு அந்த இடம் அந்நியமாக இராது. ராகம் என்று சொல்லிவிட முடியாது. கமகம் கிடையாது, நடுவில் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறிப் பிறகு இறங்கும். சுருதியை நாம் அப்படி நகர்த்துவதில்லை என்பதால் முதலில் திக்கென்று இருக்கும். பழகிவிட்டால் அந்த ஏற்றத்துக்காகவே காத்திருப்பீர்கள். டேவிஸ் இடைவெளி விட்டு விட்டு வாசிப்பார். அடுத்து சாக்ஸஃபோனில் வரும் ஜான் கோல்ட்ரேன் அந்த இடைவெளியை எல்லாம் நிரப்புவார். அதே ஸ்வரங்கள், வேறு மனிதர். வேறு ஆல்பத்துக்குப் போகாமல் ஒரு வாரம் இதையே கேளுங்கள். ஒரு நாள் பாஸை மட்டும் பின்தொடருங்கள்.

கேள்வி (மேலூர் மாணவி): மிருதங்கம் கற்கிறேன். ஜாஸுக்குத் தாளம் போட்டால் கை தடுமாறுகிறது. எனக்கு ஏற்ற ஆல்பம் உண்டா?

பதில்: டேவ் ப்ரூபெக் குழுவின் 'டைம் அவுட்', அதுவும் 1959தான். அதில் வரும் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை. கண்ட சாபுவை 'தக தகிட' என்று போட்டிருப்பாய். இங்கே 'தகிட தக'. ஜோ மொரெல்லோ ட்ரம்ஸில் தனி வாசிக்கும்போதும் ப்ரூபெக்கின் பியானோ அந்த ஐந்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ட்ரம்ஸைப் பார்க்காதே, பியானோவுக்குத் தாளம் போடு. பிடிபட்டதும் 'ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்' பக்கம் வா: 'தக தக தக தகிட' மூன்று முறை, பிறகு 'தகிட தகிட தகிட' ஒரு முறை. 1958 சுற்றுப்பயணத்தில் துருக்கியில் தெருவில் வாசித்தவர்களிடம் ப்ரூபெக் கேட்டுப் பிடித்த நடை இது. அதே பயணத்தில் நம் நாட்டுக்கும் வந்தார்.

கேள்வி (மானாமதுரை வாசகர்): எங்கள் ஊர்க் கடத்துக்கு ஜாஸில் இடம் உண்டா?

பதில்: 'சக்தி' குழுவைக் கேளுங்கள். சுத்தமான ஜாஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜாஸிலிருந்து வந்த ஜான் மெக்லாஃப்லினின் கிதாரோடு விக்கு விநாயக்ராமின் கடம் போடும் போட்டி தனி. 1976-ல் வந்த முதல் ஆல்பத்தில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு.

கேள்வி (மதுரை, நரிமேடு வாசகர்): வாட்ஸ்அப்பில் பாட்டு அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. என் மச்சான் 'இரைச்சல்' என்கிறார், அவர் தேவாரப் பித்தர். ரசனையை எப்படித்தான் பகிர்வது?

பதில்: அனுப்பாதீர்கள், கூட உட்காருங்கள். செல்லூரில் ஒரு நண்பர் வீட்டு மாடி அறையில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் கூடுவோம். ஒருவர் ஒரு ஆல்பம் கொண்டுவருவார், அதில் ஒரே ஒரு பாட்டு. 'பிரமாதம்' என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம். எங்களோடு ஒரு தவில்காரர் இருக்கிறார், பெரிதாக வாய் திறக்க மாட்டார். கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' மூன்றாம் பகுதி எல்வின் ஜோன்ஸின் ட்ரம்ஸோடு தொடங்கும். அதைப் போட்டதும் அவர் விரல்கள் தொடையில் ஓட ஆரம்பித்தன. "அண்ணே, இன்னொரு வாட்டி அதையே போடுங்க" என்றார். அன்று வேறு பாட்டுக்கு நாங்கள் போகவே இல்லை.

உங்கள் மச்சானுக்கும் அதே ஆல்பம்தான், ஆனால் நான்காம் பகுதி. 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவான இந்த ஆல்பத்தை கோல்ட்ரேன் கடவுளுக்கு நன்றியாகச் செய்தார். அந்தக் கடைசிப் பகுதியில் சீரான தாளமே இல்லை. தாம் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதையைச் சொல் சொல்லாக சாக்ஸஃபோனிலேயே வாசிக்கிறார், ஓதுவார் விருத்தம் பாடுவதுபோல. அந்தக் கவிதை ஆல்பத்தின் உறையில் அச்சாகியிருக்கிறது. அதை மச்சானின் கையில் கொடுத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். வரியை விரலால் தொட்டுக்கொண்டே கேட்பார்.