‘அவன்’ எந்த வரியில் வரவேண்டும்?

பால்புதுமை (தன்பால் காதல், திருநர் போன்ற) அடையாளத்தை மேடைக்கவிதையாகச் சொல்ல விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்.

ஆணாகிய நான் இன்னோர் ஆணைக் காதலிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன். முதல் வரியிலேயே அதைச் சொன்னால், கவிதையை விட்டுவிட்டு என்னையே பார்ப்பார்களோ?

பார்க்கக்கூடும். ஆனால் தமிழில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘நான் வந்தேன்’, ‘நீ போனாய்’ இரண்டிலும் பால் தெரியாது. படர்க்கைக்குப் போனால்தான் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைமுற்று காட்டிக்கொடுக்கும். எனவே காதலனை ‘நீ’ என்று விளித்தபடியே வெகுதூரம் போகலாம். ‘அவன்’ எங்கே விழவேண்டும் என்பது உங்கள் முடிவு. கடைசி வரிக்கு மட்டும் ஒதுக்கிவைக்காதீர்கள். விடுகதைக்கு விடை சொன்னதுபோல் ஆகிவிடும். கைதட்டுவார்கள், காதலை மறந்துவிடுவார்கள். நடுவில் சொல்லிவிட்டு, குரலை மாற்றாமல் அவன் தூக்கத்தில் உளறுவதைப் பற்றியோ குடையைத் தொலைப்பதைப் பற்றியோ தொடருங்கள். அந்தச் சாதாரணத்தன்மைதான் பலம்.

மழுப்புவதற்காக ‘அவர்’ போடுவது பெரும்பாலும் எடுபடாது. காதலன் தலைமையாசிரியர் ஆகிவிடுவார். ஆண்-பெண் என்ற இருமைக்குள் அடங்காத ஒருவர் தம்மை ‘அவர்’ என்றே சொல்லச் சொன்னால் விஷயம் வேறு. அப்போது ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று முறை வரவைத்துக் காதுக்குப் பழக்குங்கள்.

நான் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். பதிவில் என் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடையான பைண்டர் அணிந்தால் மூச்சும் போதவில்லை.

பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது. அதனால் கனமாகத் தோன்றும். பதிவில் அந்தக் கனம் இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான், உங்களுக்குப் புண்ணில் படுகிறது. அதற்காகத் தொண்டையை இறுக்கிக் குரலைத் தாழ்த்தாதீர்கள். வரியின் கடைசிச் சொற்கள் கரகரத்து மறைந்துபோகும். மைக்கை நெருங்குங்கள். மேடையில் வழக்கமாக வைக்கும் ஒருதிசை மைக்கில் வாய் மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் அடிக்குரல் கூடும், ஒரு சாண் விலகினால் குறையும். மிக நெருங்கினால் ‘ப’ வெடிக்கும். அதனால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் கீச்சிடும்.

பைண்டர் விலா எலும்புகளை விரியவிடாது. ஒத்திகையில் ஒருமுறையாவது அதை அணிந்தே முழுதும் சொல்லிப் பார்த்து, மூச்சு வாங்கும் இடங்களில் கோடு போடுங்கள்; ஒரு மூச்சுக்கு அடங்காத வரியை உடையுங்கள். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் அணியாதீர்கள் (பயணமும் மேடைக்குப் பின்னால் காத்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும்). சிறிய அளவு வேண்டாம், கட்டுத்துணி சுற்றவே வேண்டாம். வலித்தால் கழற்றிவிடுங்கள்.

போட்டிக்கு எவ்வளவு எழுதுவது? புடவையில் வரலாமா?

ஸ்லாம் எனப்படும் மேடைக்கவிதைப் போட்டிகளில் வழக்கம் 3 நிமிடம், சலுகையாக 10 விநாடி. தாண்டினால் மதிப்பெண் குறையும். சொற்களை எண்ணாதீர்கள், உரக்கச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். 2 நிமிடம் 40 விநாடியில் முடியட்டும். சிரிப்பும் கைதட்டலும் மீதியைத் தின்றுவிடும். பல ஸ்லாம்களில் வேடத்துக்கும் பொருள்களுக்கும் இசைக்கும் தடை உண்டு. புடவை உங்கள் அன்றாட உடை, வேடமல்ல என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீட்டில் தெரியாது. வீடியோ வெளியாகிவிட்டால்?

பெயர் கொடுக்கும் முன்பே அமைப்பாளரிடம் பதிவு வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆனால் பார்வையாளர்களின் கைபேசிகளுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது. முகம் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இப்போதைக்கு மேடை வேண்டாம். புனைபெயரில் ஒலிப்பதிவாக வெளியிடலாம், நம்பகமான இன்னொருவரைச் சொல்லவைக்கலாம். காதலரின் தெரு, வேலை, ஊர் எதுவும் கவிதையில் இருக்கக் கூடாது, அவரே சரி என்று சொன்னாலொழிய.